கொடுக்கும் கையில் கரையும் ‘நான்’: அகந்தையை விட்டு ஈகைக்கு வர ஒரு முழுமையான வழிகாட்டி

அகந்தையை விடச் சொல்லாத ஆன்மிக மரபு கிடையாது. எப்படி விடுவது என்று கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ‘நான் என் அகந்தையை ஒழித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அங்கே ஒழிப்பவர் யார்? அதே ‘நான்’தானே. தன் தோளில் தானே ஏறி நிற்க முயல்வது போன்ற வேலை அது.

நானும் பல வருடங்கள் தியானம், ஜபம், மௌனம் என்று அகந்தையோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டியவன்தான். தியானத்தில் உட்காரும்போது அது நல்ல பிள்ளையாக அடங்கிக் கிடக்கும். எழுந்து வெளியே வந்து, எனக்குப் பிடித்த ஒன்றை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய நேரம் வந்தால் போதும், முழு உருவத்தோடு எழுந்து நிற்கும். அப்புறம்தான் புரிந்தது, அதைப் பார்க்கவும் தளர்த்தவும் ஏற்ற இடம் கொடுக்கல் வாங்கல்தான் என்று. இந்த வழிகாட்டியை அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன். நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும், எந்த மதமும் வேண்டாம் என்பவராக இருந்தாலும் இதைச் செய்து பார்க்கலாம்.

எதை விடுவது, எதைத் தொடக்கூடாது

அகந்தை என்றதும் தலைக்கனம் பிடித்த ஒருவரின் முகம்தான் நினைவுக்கு வரும். அது ஒரு வடிவம் மட்டுமே. ‘நான் எதற்கும் லாயக்கில்லை, யாருக்கும் என்னைப் பிடிக்காது’ என்று நாள் முழுக்கத் தன்னையே நினைத்து மருகுபவரின் மனத்திலும் நடுவில் உட்கார்ந்திருப்பது அதே ‘நான்’தான். ஒருவர் தன்னைத் தூக்கிப் பிடிக்கிறார், இன்னொருவர் தாழ்த்திப் பிடிக்கிறார். பிடி ஒன்றுதான்.

தன்மானத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தன் திறமை பற்றிய தெளிவும் அப்படியே. ‘இந்த அறுவை சிகிச்சையை என்னால் செய்ய முடியும்’ என்று மருத்துவர் சொல்வதில் அகந்தை எதுவும் இல்லை, அது நோயாளிக்குத் தேவையான தகவல். அதே மருத்துவரிடம் இளைய மருத்துவர் ஒருவர் வந்து, ‘இதை வேறு மாதிரி செய்யலாமே’ என்று சொல்லும்போது முகம் இறுகினால், அங்கே பார்க்க வேண்டும்.

திருக்குறளின் 346ஆம் குறள் ‘யான் எனது என்னும் செருக்கு’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தானல்லாத உடம்பை ‘யான்’ என்றும், தனக்குத் தொடர்பில்லாத பொருளை ‘எனது’ என்றும் கருதும் மயக்கம் என்று பரிமேலழகர் அதற்கு உரை எழுதினார். இந்த இரட்டைச் சொல்லில்தான் எனக்கு வழி கிடைத்தது. ‘யான்’ கைக்குச் சிக்காது, அதை எடுத்து ஓரமாக வைக்க முடியாது. ‘எனது’ அப்படியில்லை. என் நேரம், என் பணம், என் பெயர், என் கருத்து, என் முறை என்று அது கையால் தொடக்கூடிய துண்டுகளாக இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கினால், அவற்றின்மேல் சாய்ந்து நின்ற ‘யான்’ தானாகத் தள்ளாட ஆரம்பிக்கும்.

முதல் படி: ஒரு வாரம் பார்ப்பது மட்டும்

14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் எழுதிய திருவருட்பயன் என்ற சைவ சித்தாந்த நூலில் ஒரு குறள் உண்டு: ‘ஒருபொருளுங் காட்டா திருள்உருவங் காட்டும் இருபொருளுங் காட்டா திது.’ இருட்டு மற்ற பொருள்களை மறைத்தாலும், ‘இங்கே இருட்டாக இருக்கிறது’ என்று தன்னைக் காட்டிவிடும். ஆணவம் பொருள்களையும் காட்டாது, தன்னையும் காட்டாது. அகந்தை பற்றி நான் படித்தவற்றில் இதைவிடக் கூர்மையான ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

தன்னைக் காட்டாத ஒன்றை அதன் தடயத்தை வைத்துத்தான் பிடிக்க முடியும். தடயம், சுருக்கென்று தைக்கும் அந்த உணர்வு. ஒரு சிறிய நோட்டை எடுத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு, உள்ளே எங்கெல்லாம் தைத்தது என்று ஒவ்வொரு இரவும் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். யாராவது திருத்தியபோதா? செய்த உதவியை யாரும் கவனிக்காதபோதா? பக்கத்தில் இருந்தவரைப் பாராட்டியபோதா? உங்கள் பேச்சைப் பாதியில் வெட்டியபோதா?

எழுதும்போது நியாயம் எதுவும் சேர்க்க வேண்டாம். ‘அவர் அப்படிப் பேசியது தவறுதான்’ என்ற வரி நோட்டுக்கு வரக்கூடாது. அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நாம் தேடுவது அதை இல்லை. இந்த வாரத்தில் எதையும் மாற்ற முயலவும் வேண்டாம்.

என் நோட்டின் ஒரு பக்கத்தை இன்னும் மறக்கவில்லை. நண்பர் ஒருவர் வேலையில்லாமல் தவித்த மாதங்களில் நான் பல பேரிடம் பேசி, அலைந்து, அவருக்கு ஒரு வழி கிடைக்கச் செய்தேன். பிறகு ஒரு கூட்டத்தில் அவர் தனக்கு உதவியவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி நன்றி சொன்னார். என் பெயர் வரவில்லை. இரண்டு இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் அலைந்தேன், நடந்தும் விட்டது. அப்படியானால் தூங்காமல் கிடந்தது யார்? அந்தக் கேள்வியை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று நான் செய்யும் பயிற்சி முழுவதும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

இரண்டாம் படி: கையில் இருப்பதைக் கொடுங்கள்

ஈகை என்றால் பணம் என்று நினைப்பதால் பலர், ‘வசதி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். பணமும் கொடுக்கத்தான் வேண்டும். வருமானத்தில் ஒரு சிறு பங்கை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். அன்றன்றைய மனநிலையைக் கேட்டு முடிவெடுத்தால் மனம் எப்போதும் ஒரு காரணத்தோடு தயாராக இருக்கும்.

ஆனால் அகந்தை பணத்தைவிட இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பவை வேறு. முதலில் கவனம். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது, ‘எனக்கும் இப்படித்தான் ஒருமுறை’ என்று பேச்சை நம் பக்கம் திருப்பாமல் கடைசி வரை கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம்கூட எவ்வளவு கடினம் என்று தெரியும். வாயில் வந்து நிற்கும் அந்த வாக்கியத்தை விழுங்குவதும் ஒரு தானம்தான். எதிரில் இருப்பவருக்கு அது தெரியாது, ஆனால் தான் கேட்கப்பட்டோம் என்ற நிறைவு அவருக்குக் கிடைத்துவிடும்.

அடுத்தது பெயர். சேர்ந்து செய்த வேலையில் உங்கள் பங்கை நீங்களே எடுத்துச் சொல்லாமல், மற்றவரின் பங்கை எடுத்துச் சொல்லுங்கள். (உங்கள் சம்பளமோ வாழ்வாதாரமோ அதைச் சார்ந்திருந்தால் உங்கள் பங்கை மறைக்க வேண்டாம், இருவர் பங்கையும் சொல்லுங்கள்.) அப்புறம் அறிவு. கஷ்டப்பட்டுக் கற்ற ஒன்றை ஒளித்து வைக்காமல் கற்றுக்கொடுப்பது, கற்றவர் உங்களையே மிஞ்சினாலும் மகிழ்வது. வரிசையில் முறை, உட்காரும் இடம், விவாதத்தில் கடைசி வார்த்தை என்று இது நீளும், நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

அளவு எவ்வளவு? லேசாக வலிக்க வேண்டும். வலியே இல்லாமல் கொடுப்பதில் நன்மை உண்டு, பயிற்சி இல்லை. மிகவும் வலித்தால் மனம் பயந்து, அடுத்த முறை கையை இறுக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒன்று, சிறியதாக. இதை ஒரு மாதம் செய்யுங்கள்.

மூன்றாம் படி: கொடுக்கும் முகம்

எதைக் கொடுக்கிறோம் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் அகந்தை ஒளிந்திருக்கும். பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கொடுப்பது கடமை என்று, திருப்பிச் செய்ய இயலாதவருக்கு, தகுந்த இடமும் காலமும் அறிந்து கொடுப்பது சாத்விகம். பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்தோ மனம் வருந்தியோ கொடுப்பது ராஜசம். மரியாதையில்லாமல், இகழ்ச்சியோடு கொடுப்பது தாமசம். நம்மில் பலர் தாமசம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைப்போம். ‘இதையாவது ஒழுங்காகப் பயன்படுத்திக்கொள்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுத்தோமே, அது எந்த வகை என்று யோசித்துப் பாருங்கள்.

பௌத்த மரபில் இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கொடுப்பதற்கு முன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்த பின் நிறைவு. இந்த மூன்று இடங்களிலும் உங்கள் மனம் எப்படி இருந்தது என்று நோட்டில் ஒரு வார்த்தை எழுதுங்கள். எனக்கு முதல் இரண்டும் எளிதாக வந்தன. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். கொடுத்து முடித்த பிறகு, ‘கொஞ்சம் அதிகமாகக் கொடுத்துவிட்டோமோ’, ‘இவர் இதற்குத் தகுதியானவர்தானா’ என்று மனம் பின்னாலேயே ஓடும்.

கேட்பவரின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கேட்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய கஷ்டம்! ‘இல்லை’ என்ற சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே கொடுத்துவிடுவது உயர்ந்தோர் இயல்பு என்று 223ஆம் குறளுக்கு ஒரு பொருள் சொல்வார்கள். குறிப்பறிந்து, கேட்க விடாமல் கொடுத்துப் பாருங்கள். அப்படிக் கொடுக்கும்போது கவனம் முழுவதும் எதிரில் இருப்பவரிடம் போய்விடுகிறது. ‘நான் கொடுக்கிறேன்’ என்று நினைக்கவே நேரம் இருக்காது.

நான்காம் படி: தெரியாமல் கொடுப்பது

வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்கிறார். 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். மனமில்லாமல் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் யார் என்று பெற்றவருக்கும், பெற்றவர் யார் என்று கொடுத்தவருக்கும் தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது. எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்தது, ஒருவர் இனி யாரிடமும் கேட்க வேண்டாதபடி அவருக்குக் கடனோ வேலையோ கூட்டோ கொடுத்து நிற்கச் செய்வதை. அவர் சொல்லும் அந்த உச்சிப் படியில் அகந்தைக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது: உதவி பெற்றவர் இனி உங்களைச் சார்ந்திருக்க மாட்டார். ‘என்னால்தான் இவர் இருக்கிறார்’ என்ற இன்பம் அதோடு முடிந்துவிடும். உதவுவதை நிறுத்த மனம் வராமல் சிலர் மற்றவர்களைக் கடைசி வரை சார்ந்தே வைத்திருப்பதன் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பயிற்சி இது. 30 நாட்களில் குறைந்தது நான்கு முறை, யாருக்கும் தெரியாமல் ஏதாவது நல்லது செய்யுங்கள். வாழ்க்கைத் துணையிடமும் சொல்லக்கூடாது, நோட்டிலும் எழுத வேண்டாம். பிறகு வேறு பேச்சோடு பேச்சாக அதை நுழைத்துச் சொல்ல மனம் எத்தனை முறை வாய் திறக்கப் பார்க்கிறது என்று கவனியுங்கள். ‘மற்றவர்களுக்கும் ஊக்கமாக இருக்குமே’ என்ற நல்ல காரணத்தோடு அது வரும். நான்கு முறையும் அமைதியாக இருந்துவிட்டால், ‘பார், எவ்வளவு பணிவாக இருக்கிறாய்’ என்று வரும். வரட்டும். அதோடு சண்டைக்குப் போகாமல், வந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: கணக்கை மூடுவது

வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், புறநானூற்றின் 134ஆம் பாட்டில் அவனை இப்படி அறிமுகப்படுத்துகிறார்: ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆய் அலன்.’ இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்ததில் கிடைக்கும் என்று அறத்தை விற்கும் வியாபாரி அவன் கிடையாதாம். சான்றோர் சென்ற வழி இது என்பதால்தான் கொடுத்தானாம். ‘அறவிலை வணிகன்’ என்ற சொல்லைப் படித்த அன்று எனக்குக் கண்ணாடியில் முகம் பார்த்தது போல இருந்தது. பணத்தையோ பாராட்டையோ நான் எதிர்பார்த்ததில்லை. ஆனால் புண்ணியம், மன அமைதி, கடவுளின் பார்வை என்று ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அந்தக் கணக்கை ஒரேயடியாக அழிக்க முடியாது. நாக்கில் தொடங்கலாம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் உங்கள் தர்மங்களை வீணாக்காதீர்கள் என்கிறது குர்ஆன், 2ஆம் அத்தியாயம் 264ஆம் வசனம். குடும்பச் சண்டை ஒன்றில், ‘உனக்காக நான் எவ்வளவு செய்தேன்!’ என்ற வாக்கியம் வாய் வரை வரும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை வாழ்நாள் முழுவதும் சொல்லாமல் இருப்பது பெரிய தவம். அப்புறம், கொடுத்தது என்ன ஆனது என்று பின்னால் போய் விசாரிப்பதையும் விடுங்கள். பொறுப்புள்ள இடங்களில் கணக்குக் கேட்பது வேறு. தனி மனிதருக்குக் கொடுத்த பிறகு அது அவருடையது.

ஆறாம் படி: வாங்கக் கற்றுக்கொள்வது

பலர் இந்தப் படியில் கால் வைப்பதே இல்லை. கொடுப்பவர் கை எப்போதும் மேலே இருக்கிறது. அந்த உயரம் பழகிவிட்டால், ‘நான் யாரிடமும் கை நீட்டியதில்லை’ என்பதே ஒரு மகுடமாகிவிடும்.

ஒருமுறை நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்தபோது, நான் அதிகம் பேசியிராத பக்கத்து வீட்டுக்காரர் தினமும் வந்து என் வேலைகளைச் செய்துவிட்டுப் போனார். நான் மூன்றாம் நாளே, ‘இதற்கு என்ன செய்வேன், எப்படித் திருப்புவேன்’ என்று பதறத் தொடங்கினேன். அவர், ‘ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா படுங்கள்’ என்றார். அந்த ‘சும்மா’ எனக்கு எந்தத் தியானத்தையும்விடக் கடினமாக இருந்தது. கடன்பட்டவனாக, எதையும் திருப்பிக் கொடுக்க முடியாதவனாகப் படுத்திருப்பதில் என் ‘நான்’ இருக்க இடமே கிடைக்கவில்லை. நான் கொடுத்தபோதெல்லாம் வாங்கியவர்கள் எவ்வளவு பெரிய மனதோடு வாங்கியிருக்கிறார்கள் என்றும் அப்போதுதான் உணர்ந்தேன்.

பாராட்டு வந்தால் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று தட்டிவிடாமல் நன்றி சொல்லி வாங்குங்கள். உதவி வேண்டியபோது கேளுங்கள். வாங்கியதை உடனே திருப்பிக் கணக்கை நேர்செய்யத் துடிக்காமல், சில நாட்கள் அந்தக் கடனோடு இருந்து பாருங்கள்.

ஏழாம் படி: ஆன்மிகமே அகந்தையின் உடையாகும்போது

இதுவரை வந்துவிட்டால் ஒரு ஆபத்து காத்திருக்கும். தியானத்தில் கிடைத்த அனுபவம், இத்தனை வருடப் பயிற்சி, இன்ன குருவின் வழி என்று எல்லாம் சேர்ந்து புதிய ‘எனது’ ஆகிவிடும். அடையாளம் எளிது: பயிற்சி செய்யாதவர்களைப் பார்த்து மனம் இரக்கம் என்ற பெயரில் ஒரு படி மேலே ஏறி நிற்கும். அவர்கள் கேட்காமலே அறிவுரை சொல்லத் தோன்றும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து, யார் கண்ணிலும் படாத, எந்த மேன்மையும் இல்லாத வேலையை எடுத்துக்கொள்வதுதான். கூடும் இடத்தில் தரையைத் துடைப்பது, காலணிகளை அடுக்குவது, எல்லோரும் போன பிறகு விளக்கணைப்பது. மேடையில் பேச அழைப்பு வந்தால் ஒருமுறை வேறொருவர் பெயரைச் சொல்லுங்கள். இன்னொன்று, உங்கள் வழியில் இல்லாத ஒருவரிடம் மாணவராக உட்கார்ந்து ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ‘ஆற்றின் அளவறிந்து ஈக’, அதாவது தன்னிடம் உள்ளதன் அளவை அறிந்து முறையாகக் கொடு என்கிறது 477ஆம் குறள். குடும்பத்தினர் தேவையைப் பறித்து வெளியாருக்குக் கொடுப்பது ஈகையாகாது, அவர்களுடையதை நீங்கள் கொடுக்கிறீர்கள். குற்ற உணர்ச்சியைத் தூண்டித் தொடர்ந்து வாங்குபவருக்கு ‘முடியாது’ என்று சொல்லலாம். கோபமில்லாமல், விளக்கமில்லாமல் சொல்லப்படும் ‘முடியாது’ அவருக்கும் நல்லது.

‘உன் அகந்தையை என்னிடம் ஒப்படை’ என்று சொல்லி, உங்கள் பணம், உடல், குடும்ப உறவு, கேள்வி கேட்கும் உரிமை இவற்றில் எதைக் கேட்டாலும் அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள். கேள்வி கேட்பது அகந்தை என்று உங்களை நம்ப வைப்பவர், தன் அகந்தையைப் பற்றி ஒருநாளும் பேச மாட்டார்.

நெடுங்காலம் மிதிபட்டு வாழ்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டிலோ வேலையிலோ எப்போதும் விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டவர் நீங்கள் என்றால், இரண்டாம் படியைத் தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் நேரத்தில் ஒரு பங்கை உங்களுக்கே கொடுங்கள். ஆறாம் படியில் நீண்ட நாள் இருங்கள். பயத்தில் விட்டதைக் கொடுத்ததாகக் கணக்கு வைக்க வேண்டாம்.

பழகப் பழக

ஆறு மாதம் கழித்து நோட்டின் முதல் வாரத்தைத் திருப்பிப் படியுங்கள். அப்போது தைத்தவற்றில் எது இப்போது தைக்கவில்லை என்று பாருங்கள். எல்லாம் மறைந்திருக்காது, ஒன்றிரண்டு மட்டும் மங்கியிருக்கும். எனக்கு, நன்றிப் பட்டியலில் பெயர் இல்லாதது இன்று வலிப்பதில்லை. திருத்தப்படும்போது இன்னும் வலிக்கிறது. அதனால் இப்போது நான் முதல் வாரத்துக்கே திரும்பி, அதை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

‘நான் யார்?’ என்ற சிறு நூலில் ரமண மகரிஷி, பிறருக்கு ஒருவன் கொடுப்பதெல்லாம் தனக்கே கொடுத்துக்கொள்வதுதான் என்கிறார். பௌத்தத்தில் கொடுப்பவர், பெறுபவர், பொருள் என்ற மூன்றின் பிடியும் அற்ற கொடையைத் தூய்மையானது என்கிறார்கள். இந்த இடத்தில் நான் நிலையாக நிற்பவன் இல்லை. ஆனால் எப்போதாவது, அவசரத்தில் யாருக்கோ எதையோ கொடுத்துவிட்டு நடந்து, வெகுநேரம் கழித்துத்தான் கொடுத்தது நினைவுக்கு வரும். அந்த இடைவெளியில் ‘நான்’ எங்கே இருந்தது என்று தேடிப் பார்ப்பேன். கிடைக்காது. மறுநாள் காலையில் யாராவது திருத்துவார்கள், சுருக்கென்று தைக்கும், நோட்டை எடுப்பேன்.